கதவுக்கு அடியில் போகும் கேபிள்

ஓரான், 12 மார்ச் 1991

நல்ல வீட்டுப் பிள்ளை பென்அவுதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சனிக்கிழமைக் கல்யாணத்தில் மணப்பெண்ணைத் தூக்கிவந்த பல்லக்கை, என் மிதிபலகையிலிருந்து வெளியே பெட்டிக்குப் போகும் நம் மிடி கேபிள் மேலேயே இறக்கிவிட்டார்கள். நான் மிதிபலகையை அழுத்துகிறேன். வெளியே குரல் மாற்றும் பெட்டி கேட்கவில்லை, கிதாரின் குரல் மாறவில்லை. பெண்கள் கூடத்துக்குள் ஆண் வர முடியுமா? கதவுக்கு வெளியே பெட்டியோடு இப்போது உன் இடத்தில் உட்காருவது நம் பாடகி ரஹ்மூனாவின் மருமகன். கதவிடுக்கில் வாயை வைத்து “என்னாச்சு? என்னாச்சு?” என்று கத்தினான், அவ்வளவுதான். நசுங்கிய கேபிளை அன்றே குப்பையில் எறிந்தும் விட்டான்.

ரஹ்மூனாவைத்தான் உனக்குத் தெரியுமே. “அடியே, ஏப்ரல் இருபது ஹாஜி வீட்டுக் கல்யாணம். அன்னிக்கும் உன் பெட்டி மக்கர் பண்ணுச்சுன்னா வயலின்காரியக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். நீ துறைமுகத்துல குந்திக்கிட்டு உன் புருஷன் வரப்போற கப்பலுக்கு வாசிச்சுக்கிட்டு இரு” என்கிறாள்.

மெதினா ஜெதீதா சந்தைக் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டுப் பார்த்தேன். தொலைக்காட்சி வயரைக் காட்டி இதுவும் கேபிள்தானே என்கிறார்கள். நீயோ இசைக்கருவிக் கடையிலேயே வேலை செய்கிறாய். சரியானதாகப் பார்த்து அனுப்பு. நீளத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. நீயே அளந்தாய், நீயே ஈயம் வைத்தாய்.

நான் அங்கே வருவதற்கான தாள்கள் பற்றிப் போன கடிதத்தில் ஒன்றும் இல்லை. குறை சொல்லவில்லை. இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

உன்
ஸெத்தி


மார்செய், 2 ஏப்ரல் 1991

என் கண்ணின் ஒளியே ஸெத்தி,

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். கடையில் தினமும் இருபது பேர் இதையே கேட்கிறார்கள். தங்கமுலாம் பூசிய பிளக்கெல்லாம் பம்மாத்து, அதற்கு ஏமாறாதே. பிளக்கில் ஐந்து முள் இருக்கும், வேலை செய்வது மூன்றுதான். மற்ற இரண்டும் அழகுக்கு. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மூன்று மீட்டரில் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். பெட்டியை உன் பக்கத்திலேயே வைத்துக்கொள். மிதிபலகைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும்.

கப்பலில் வரும் சி முக்தாரிடம் இந்தக் கடிதத்தையும் கேபிள்களையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்திருக்கிறேன்.

தாள்கள் நகர்கின்றன. இங்கே எல்லாமே மெதுவாகத்தான். அம்மாவின் தலையில் என் சார்பாக ஒரு முத்தம் கொடு.

உன்னை மறவாத
பென்அவுதா


ஓரான், 23 ஏப்ரல் 1991

பென்அவுதா,

கப்பல் தாமதம். பொட்டலம் கல்யாணத்தன்று காலையில்தான் கைக்கு வந்தது. கேபிள்களை எடுத்துக்கொண்டு, உன் கடிதத்தைப் படிக்க நேரமில்லாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் மூன்று மீட்டர்தான். வானொலி பழுதுபார்ப்பவரிடம் ஓடி ஓர் இணைப்பு வாங்கி இரண்டையும் சேர்த்தேன். ஆறு மீட்டர். வேண்டியது பதினொன்று. நாற்காலிகளையெல்லாம் கதவோரம் இழுத்துப் போட்டோம். “கல்யாணத்துக்குப் பாட வந்தோமா, செருப்புக்குக் காவல் இருக்க வந்தோமா?” என்றாள் ரஹ்மூனா.

மிதிபலகையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பெட்டி கடைசியாக இருந்த முரட்டுக் குரலிலேயே நின்றுவிட்டது. மணப்பெண் மாற்றி மாற்றி உடுத்தும் உடைகளில் முதல் உடையில் மெல்ல நடந்து வருகிறாள், தாலாட்டுப் போல வாசிக்க வேண்டிய பாட்டு, என் கிதார் உறுமுகிறது. “யாருடி லாரிய உள்ள ஓட்டிக்கிட்டு வந்தது?” என்று அவள் சித்தி கேட்டதும் கூடமே சிரித்தது. பெட்டியில் குரலுக்கான எண்ணை மாற்றச் சொல்லிக் கதவுக்கு வெளியே கத்தினேன். குலவைச் சத்தத்தில் மருமகனுக்கு எதுவும் கேட்கவில்லை. மணப்பெண் அழுதாள். கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நடு ராத்திரி வரை கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இனி என்னை அழைக்க மாட்டாளாம் ரஹ்மூனா.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்தேன். பிறகு பிளக்கைத் திருகிப் பிரித்தேன். உள்ளே மூன்று கம்பிதான்.

ஒரு கல்யாணத்தில் குழந்தை ஒன்று மிதிபலகையின் மின்வயரைப் பிடித்து இழுத்ததே, அதன் பிறகுதானே அந்த இரண்டு வெற்று முள்ளிலும் கம்பி வைத்தாய்? வெளியே உன் பக்கத்திலிருந்து என் காலடிக்கு மின்சாரம் அதில்தான் வந்தது. ஆறு வருடம், நீ இருந்தபோதும் போன பிறகும். அதைத்தான் அழகுக்கு என்று எழுதியிருக்கிறாய். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் சொல்கிறாய். பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீ. நடுவில் ஒரு கதவு இருந்தது.

கேபிளுக்காகக் கோபமில்லை. அந்தக் கதவுக்கு வெளியே நீ உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அதை மட்டும் எழுது.

ஸெத்தி


மார்செய், 14 மே 1991

ஸெத்தி,

ஒரு வயருக்காக இவ்வளவு எழுதுவாய் என்று நினைக்கவில்லை. எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்வதைத்தான் உனக்கும் சொன்னேன். தவறாக ஒன்றும் சொல்லவில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். நீளம் இவ்வளவு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. காலையில் கடை, மாலையில் பழுதுபார்க்கும் வேலை. எதையென்று தலையில் வைத்துக்கொள்வது?

அந்தப் பெட்டியை விற்றுவிடேன். இங்கே வந்தால் உனக்கு அது தேவைப்படாது. தாள்களுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள்.

பென்அவுதா


ஓரான், 9 ஜூன் 1991

பென்அவுதாவுக்கு,

உன் அம்மா நலம். இந்த மாதம் முட்டிக்குப் புது மருந்து. அவரை மருத்துவரிடம் கூட்டிப்போக உன் தங்கை வருகிறாள். நான் என் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தொலைபேசி நிலையத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து கம்பி வயர் பன்னிரண்டு மீட்டர் கொடுத்தார். ஈயம் வைக்க இரண்டு நாள் ஆனது, மூன்று விரல் சுட்டுக்கொண்டேன். முதல் தடவை இரண்டு கம்பியை மாற்றி வைத்துவிட்டேன். இப்போது விளக்கு எரிகிறது. ஸீதி பெல் அப்பாஸ் ஊரில் ஒரு குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை போகிறேன். பெட்டியை விற்கவில்லை.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. நீதிமன்றத்தில் மணவிலக்கு மனு கொடுத்துவிட்டேன். தாள் அங்கே வரும். இந்தத் தாளாவது மெதுவாக நகர வேண்டாம், வந்த அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கடையில் இனி யாராவது வந்து இதைக் கேட்டால், மூன்று முள் ஐந்து முள் என்று ஆரம்பிக்காதே. எங்கே நின்று வாசிக்கிறாய் என்று முதலில் கேள்.

முஸ்தஃபாவின் மகள் ஸெத்தி