லேசாக ஒரு ஜலதோஷம்

ஜூலை 5, ஞாயிறு

இன்று ஆராதனையில் பெஞ்சிலிருந்து விழுந்தேன். தூங்கி விழவில்லை, அப்படி விழுந்திருந்தால் வழக்கம்தானே என்று சபையார் விட்டிருப்பார்கள். இந்தக் காய்ச்சல் காலத்தில் விசுவாசிகள் அஞ்சக் கூடாது என்று போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். எல்லோரையும் விடச் சத்தமாக ‘ஆமென்’ போட்டது நான்தான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்த தையல்காரர் இருமினார். கொஞ்சம் நகர்ந்தேன். மறுபடி இருமினார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். மூன்றாவது இருமலுக்குப் பெஞ்சு தீர்ந்துவிட்டது.

அவருக்குத் தொண்டையில் மிட்டாய் மாட்டிக்கொண்டதாம்.

வீடு வந்து சேர்ந்ததும் மேலிடம் தீர்ப்பு வழங்கினாள். (என் மனைவிக்கு நான் வைத்த பெயர். அவளுக்கும் தெரியும்.) செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “ஆமெனாம், ஆமென்.”

ஜூலை 8, புதன்

பள்ளிக்கூடம் மூடி மூன்று வாரம். ஆனாலும் காலையில் ஷெட்டுக்குப் போய் என் பஸ்ஸை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓட விடுகிறேன். இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும். நாற்பது சீட்டும் காலி. “பின்னாடி சத்தம் போடாதீங்கடா” என்று பழக்கதோஷத்தில் ஒருமுறை சொல்லியும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சாவியைக் கழுவினேன். பிறகு குழாயைக் கழுவினேன்.

“சோப்பையும் ஒரு தடவ கழுவிடுங்க, பாவம், அது மட்டும் விட்டுப்போச்சு” – மேலிடம்.

ஜூலை 9, வியாழன்

சாப்பிடும்போது வாத்து, உப்பு கேட்பது போலச் சொன்னாள்: “காய்ச்சல் வார்டுக்கு ஆள் கேட்டாங்க. பேரு குடுத்துட்டேன்.”

வாத்து என் மகள். நடை பழகிய நாளில் வைத்த பெயர். இருபத்து நான்கு வயதாகி, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகியும் நடையும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை.

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“ஆண்டவரைக் கேட்டேன். எதுன்னாலும் அவரைக் கேளுன்னு நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க?”

இதற்குத்தான் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

திங்கட்கிழமை போகிறாளாம். ஒரு மாதம் அங்கேயே தங்க வேண்டுமாம்.

ஜூலை 11, சனி

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையோ பயணமோ, வாசல் தாண்டுமுன் நான் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். அது இல்லாமல் வாத்து எங்கும் போனதில்லை. ஒருமுறை நான் குளித்து முடிக்கும் வரை நின்று ரயிலையே விட்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜெபிக்க எனக்குக் குரலே வராவிட்டால்?

தொண்டை கட்டிவிட்டது என்று காலையிலிருந்து சைகையில் பேசினேன். வாத்து டார்ச்சை எடுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னாள்.

“தொண்டை நல்லாத்தான் இருக்கு. பொய் சொல்ற நாக்குதான் கொஞ்சம் வெளுத்திருக்கு” என்றாள். “பரவாயில்லப்பா, மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குக் காது நல்லா கேக்கும்.”

ஜூலை 12, ஞாயிறு

அவள் பெட்டி வாசலருகே நிற்கிறது. இரண்டு தடவை அதில் இடித்துக்கொண்டேன். ஒரே பிள்ளை. பயமா இருக்குன்னு நான் எங்க போய்ச் சொல்றது? அதுவும் பெஞ்சுலேர்ந்து விழுந்தவன்?

ஜூலை 13, திங்கள்

காலை ஆறரைக்குப் பெட்டியோடு வந்து நின்று தலையைக் குனிந்தாள். கை வைத்தேன். கை ஆடியது. இவளுக்குப் பலம் கொடும், நோயாளிகளைத் தொடும் இந்தக் கைகளைக் காத்துக்கொள்ளும் என்று நன்றாகத்தான் ஜெபித்தேன். ஆமெனுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தி, மனசுக்குள் இன்னொரு விண்ணப்பமும் போட்டேன். அது என்னவென்று எழுத மாட்டேன். மேலிடம் இந்த நோட்டை எனக்குத் தெரியாமல் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி கேட்டில் எல்லோருக்கும் நெற்றியில் கருவி பிடித்துச் சூடு பார்க்கிறார்களாம். ஒரு தும்மல் போட்டாலும் வேலைக்கு விடமாட்டார்களாம்.

பதினொரு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.

ஜூலை 20, திங்கள்

பள்ளிக்கூட மேனேஜர் டிரைவர்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். மற்ற வார்டு நர்ஸுகளை விடுதியிலிருந்து ஆஸ்பத்திரியில் கொண்டு விட ஒரு பஸ் வேண்டுமாம். யார் ஓட்டுவது? எல்லோரும் தரையில் எதையோ தேடினோம். ஒரு கை எழுந்தது. யாரடா இந்த வீரன் என்று பார்த்தால், என் கை.

“நீங்களா?” என்றார் மேனேஜர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

வீரமெல்லாம் இல்லை. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்து குழாயைக் கழுவ முடியவில்லை. போகிற வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே ஓட்டலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

“முதல்ல சீட்டுல விழாம உட்காருங்க” என்றாள் மேலிடம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 23, வியாழன்

ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி ஜன்னலில் நான்கு பேர், தலை முதல் கால் வரை ஒரே வெள்ளை உடையில். இதில் என் பிள்ளை யார்? ஒரு உருவம் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடி ஆடி நடந்து வந்து கையசைத்தது. ஸ்தோத்திரம். ஹாரன் அடித்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஹாரன் அடித்ததற்குக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 30, வியாழன்

இன்று கேட்டில் கருவி ‘பீப்’ என்று அலறியது. யாருக்கோ காய்ச்சல் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

“உங்களுக்குத்தாங்க” என்றார் காவலாளி.

பஸ்ஸுக்கு வேறு டிரைவர் வந்தார். எனக்கு வார்டு கிடைத்தது. வாத்தின் வார்டு. ஒரு பெரிய கும்பிடு, ஆண்டவரே. நான் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது, விலாசம்தான் மாறிவிட்டது.

பக்கத்துப் படுக்கையில் யார்? தையல்காரர். “கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி இருக்கு. தைரியமா படுங்க” என்றார்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

மூச்சு விடுவதும் ஒரு வேலைதான். இத்தனை வருஷம் தெரியாமலே செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மூன்று நாள் பேனா பிடிக்க முடியவில்லை. இன்று பரவாயில்லை.

நேற்று முன்தினம் ரொம்ப மோசம். வாத்து உறை மாட்டிய கையை என் தலையில் வைத்து ஜெபித்தாள். என் தலையில் யாரும் கை வைத்து எத்தனை வருஷம் இருக்கும்? அவள் கையும் ஆடியது.

“பயமா இருக்காடி?”

“இருக்குப்பா. தினமும்தான் இருக்கு.”

“அப்புறம் எப்படி உள்ள வர்றே?”

“பயம் ஒரு பக்கம் கூட வரட்டும். நான் ஆண்டவர் கையைப் பிடிச்சிட்டு வர்றேன். பயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாத்தானே அது பேசும்?”

பயம் இறங்கினால்தான் விசுவாசம் ஏறும் என்று இத்தனை நாள் ஸ்டாப்பிலேயே வண்டியை நிறுத்தி வைத்திருந்தவன் நான்.

போகும்போது கேட்டாள்: “அன்னைக்கு வாசல்ல ஆமெனுக்கு முன்னாடி நிறுத்தினீங்களே, என்னப்பா வேண்டினீங்க?”

இருமினேன். இந்த நோயால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நான் வீட்டுக்கு வந்து மூன்று நாள். வாத்தும் வந்துவிட்டாள், ஒரு வாரம் ஓய்வாம். தையல்காரரும் தேறிவிட்டார். மேலிடம் சோப்பை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

வார்டில் இன்னும் ஆள் போதவில்லை. வாத்து மறுபடி பேர் கொடுத்தாள். ஆறரைக்குப் பெட்டியோடு வந்து தலையைக் குனிந்தாள். கை வைத்தேன். ஆடியது, ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். ஜெபித்தேன். ஆமெனுக்கு முன்னால் நிறுத்தினேன்.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். “மறுபடியுமா? நேரமாகுதுப்பா.”

“ஆமென்” என்றேன். ஆடி ஆடி நடந்து தெருமுனை தாண்டிப் போய்விட்டாள்.

மேலிடம் படித்தால் படிக்கட்டும். நிறுத்திய இடத்தில், வாய்விட்டுச் சொல்லாதது இதுதான்: ஆண்டவரே, போன தடவை இவளுக்கு லேசாக ஒரு ஜலதோஷம் கொடும், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடட்டும் என்று கேட்டேனே, அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இவளை உள்ளே விடச் சொல்லும்.