நடுவில் ஒரு முதுகு

5.3.1978, ஞாயிறு
பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும் மணியம் அண்ணன் பிடித்துக்கொண்டார். பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தொழிற்சங்கச் செயலாளர். புது மண்டபத்தை மே தினத்தன்று திறக்கிறார்களாம். சுவரில் மாட்டப் பெரிய ஓவியம் வேண்டும்: கொட்டகையில் பால் நிறுக்கிற நேரம், தோட்டத்து ஆட்கள் எல்லாரும். பன்னிரண்டு வருஷமாகக் கடைப் பலகை எழுதுகிறேன். மனிதர்களை எழுதியதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன்டா சிரில் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

7.3
பலகை வந்தது. ஒன்றே ஒன்று. கெட்டுப்போனால் வேறு கிடையாதாம். அதனால் முதலில் பென்சில்.

11.3
காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தீப்பெட்டி அளவில் வரைந்து வரைந்து பார்க்கிறேன். பதினேழு ஆகிவிட்டது. எல்லாவற்றிலும் ஆட்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

13.3
கொட்டகைக்கே போய் வரைந்தேன். அய்யாவு கங்காணி தராசுப் பக்கம் வந்து நின்றார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே இருந்தார். தன்னை நடுவில் போடச் சொன்னார். போட்டேன்.

19.3
தோட்டத்திலிருந்து பாப்பம்மாக்கா வந்தார். புருஷன் அம்மாசி போன வருஷம் மரம் விழுந்து இறந்துபோனவர். அவரையும் படத்தில் சேர்க்க வேண்டும் என்றார். நான் அவரைப் பார்த்ததில்லை. போட்டோ கேட்டேன். அடையாள கார்டில் இருந்த ஒன்றுதானாம். சாவைப் பதியப் போனபோது கார்டை வாங்கிக்கொண்டார்களாம்.

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். மூக்கு இப்படி இல்லை. நெற்றி இப்படி இல்லை. ஒன்பது முகம். கடைசியில், "எனக்கே மறந்துபோச்சோ என்னமோ தம்பி" என்றார்.

பென்சிலைச் சீவினேன். சீவ வேண்டியதே இல்லை.

26.3, ஈஸ்டர்
பாப்பம்மாக்கா மறுபடியும் வந்தார். புது முகம் எதுவும் என்னிடம் இல்லை. மேசையில் தீப்பெட்டிப் படங்கள் கிடந்தன. அதில் முகமே கிடையாது, ஆளுக்கு நாலு கோடு. ஒன்றின் மேல் விரலை வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். தோளில் கம்பு, இரண்டு பக்கமும் பால் வாளி, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"இந்தா நிக்கிறாரே."

ஓரத்தில் இடம் காலியாக இருந்ததே என்று போட்ட ஆள் அது. அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன்.

2.4
அந்த ஆளைப் பெரிதாக வரைந்தேன். திருப்பி முகம் வைத்தால் யாரோ ஒருத்தர். முதுகாக விட்டால் அம்மாசி. ஆனால் ஓரத்தில் இருந்தால் யார் பார்ப்பார்கள்? இன்னும் எட்டு சின்னப் படம். எட்டாவதில் அவரை நடுவுக்குக் கொண்டுவந்து, கங்காணியைத் தராசோடு இடப்பக்கம் தள்ளினேன். மற்றவர்களின் கம்புகள் எல்லாம் அந்த முதுகைப் பார்த்துச் சாய்ந்தன. யாரும் பஸ்ஸுக்கு நிற்கவில்லை.

5.4
மணியம் அண்ணன் பென்சில் படத்தைப் பார்த்தார். வருகிறவர்கள் முகத்தைத்தானே தேடுவார்கள், நடுவில் முதுகு இருந்தால் சங்கத்துக்கு மரியாதையா என்றார். திருப்பிப் போடச் சொன்னார். முடியாதுண்ணே, வேணும்னா பலகைய எடுத்துக்கிட்டுப் போங்க — சொல்லிட்டேன். யார்கிட்ட பேசுறேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா?

அவர் படத்துப் பக்கம் குனிந்தார். "யாரு அது?" என்றார். சொன்னேன். டீயைக் குடிக்காமல் போய்விட்டார். பலகை இங்கேதான் இருக்கிறது.

16.4
கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பலகைக்கு மாற்றினேன். நாளை பெயிண்ட்.

1.5
மண்டபம் திறந்தாகிவிட்டது. பேச்சு நீளம். அய்யாவு கங்காணி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய், "நடுவுல முதுகு, நான் ஓரத்துலயா லா?" என்றார். கூட்டம் கலைந்த பிறகு பாப்பம்மாக்கா வந்து பார்த்தார். சட்டை நீலம் இல்லை, காக்கி என்றார்.

2.5
காக்கி.

10.9, ஞாயிறு
பாப்பம்மாக்கா மகள் ரமணிக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். போட்டோக்காரர் பெண்ணின் அப்பா அம்மாவை வரச் சொன்னார். யாரோ ஓடிப்போய் அப்பா இல்லை என்று அவர் காதில் சொன்னார்கள். அதற்குள் பாப்பம்மாக்கா பெண்ணையும் மாப்பிள்ளையையும் கையைப் பிடித்து அழைத்துவந்து ஓவியத்துக்கு முன்னால் நிறுத்தினார். பிறகு தான் இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றார். இடைவெளியில் அம்மாசியின் முதுகு முழுசாகத் தெரிந்தது.

அம்மா கொஞ்சம் நெருங்கி நில்லுங்க என்றார் போட்டோக்காரர். இரண்டு தடவை சொன்னார்.

பாப்பம்மாக்கா நகரவில்லை.