ஃப்ரீசரில் இருபத்து மூன்று பால் பைகள்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே வெயில். லேசான புகைமூட்டம். பாப்பா 5.40-க்கு எழுந்துவிட்டாள். பவுடர் பால் 120 மில்லி. முழுசும் குடித்தாள்.

7.10-க்கு விமலா அக்கா வந்தார். என் மனைவி ஷாமினியின் அக்கா. நான் வேலைக்குப் போனால் பாப்பா அவர் கையில்தான். மீன் வைக்க ஃப்ரீசரைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"தம்பி, இருபத்து மூணு பை இருக்கு. எல்லாம் மார்ச் மாசத்துது. ஆறு மாசம் தாண்டுனா கீழதான் ஊத்தணும். எப்போ குடுக்கப் போறீங்க?"

"பாக்கலாம்க்கா."

"பாக்கலாம் பாக்கலாம்னே நாலு மாசம் ஓடிருச்சு லா."

காரை எடுத்தேன்.

மே மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று ஷாமினி மார்ச் முதல் தேதியிலிருந்து பால் எடுத்துச் சேர்த்தாள். ஒவ்வொரு பையிலும் நீல மார்க்கரில் தேதி, அளவு. ஒன்றில் மட்டும்: "40. திட்டாதே, மீதியை உன் மகள் குடிச்சிட்டா." அந்த மாதமே 27-ஆம் தேதி போய்விட்டாள். நுரையீரலில் ரத்தக்கட்டி. பாப்பாவுக்கு அன்று 53 நாள். அந்த வாரம் யாரோ பவுடர் பால் வாங்கி வந்தார்கள். அதிலேயே ஓடுகிறது.

பால் பையின் பிளாஸ்டிக் பற்றிப் படித்தவரை:
– நுண் பிளாஸ்டிக்கை நஞ்சுக்கொடியில் பார்த்திருக்கிறார்கள். தாய்ப்பாலிலும்.
– பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் துகள் விடும். உறைய வைத்து உருக்கினாலும் விடலாம்.
– சின்ன உடம்பு. எல்லா உறுப்பும் இப்போதுதான் வளர்கிறது. அதனால் கவனம் என்கிறார்கள்.
– குழந்தையை என்ன செய்யும்? யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாது.

கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

வீட்டில் மாற்றியவை: பால் போத்தல் (கண்ணாடி), கெட்டில், வெட்டுப் பலகை, பாப்பாவின் ஃபோம் பாய். மாற்ற முடியாதது: பாப்பா ஷாமினி வயிற்றில் இருந்த மாதங்கள். அப்போதெல்லாம் வேலை முடிந்து வரும்போது தினமும் ஷாமினிக்கு ஒரு பாக்கெட் தே, பால் போட்ட டீ, வாங்கி வருவேன். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் ரப்பர் போட்டு, ஸ்ட்ரா குத்தி. "ஃபிளாஸ்க் கொண்டு போ லா" என்று ஒரு தடவை சொன்னாள். மறந்துவிட்டேன்.

பெட்டியில் புதுப் பைகள் மிச்சம் இருக்கின்றன. ஒன்றில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்தேன்.

8 ஜூலை, செவ்வாய்

அரை நாள் லீவு. கிளினிக்கில் ஐந்தாம் மாத ஊசி. எடை 6.4. ஊசிக்கு அழுதாள், ஒரு நிமிஷம்தான்.

மிஸ்ஸி (நர்ஸ்) தமிழ்ப் பெண். பால் பையைப் பற்றிக் கேட்டேன்.

"இப்போ நெறைய பேரு கேக்குறாங்க அண்ணே. தாய்ப்பாலக் கொட்டச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லல. பையோட சுடுதண்ணியில போடாதீங்க. மொத நாளே ஃப்ரிட்ஜுல கீழ எறக்கி வைங்க. உருகுனதும் கண்ணாடிக்கு மாத்தி, அப்பறம் சூடு காட்டுங்க. அம்மாகிட்ட சொல்லிருங்க."

கார்டைப் புரட்டினாள். முகம் மாறியது. "சாரி அண்ணே."

பரவாயில்லை என்றேன். அந்த வார்த்தை இப்போது தானாகவே வருகிறது.

9 ஜூலை, புதன்

மதியம் மழை. ஃபேக்டரி லேப். என் வேலையே இதுதான்: பிளாஸ்டிக் பாகத்தைக் கழுவி, கழுவிய தண்ணீரை வடிகட்டி, வடிதாளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தூசி எண்ணுவது. எட்டு வருஷமாக எண்ணுகிறேன்.

உருகிய தண்ணீர்ப் பையைக் கொண்டுபோனேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ணாடி போத்தலில் அதே தண்ணீர். பக்கத்து மேசை குணா எட்டிப் பார்த்தான்.

"டேய், இது நம்ம பார்ட்டே இல்லையே. கஸ்டமர் யாரு?"

"என் மக."

"ரிஜெக்ட் பண்ணிருவாளா?" என்று சிரித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு தானே போய்க் காப்பி வாங்கி வந்தான். பீங்கான் மக்கில்.

முடிவு: பைத் தண்ணீரில் துகள் இருக்கிறது. கண்ணாடித் தண்ணீரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. எது பிளாஸ்டிக், எது என் சட்டை நூல் என்று இந்த மைக்ரோஸ்கோப் சொல்லாது. மிகச் சின்னது கண்ணுக்கே வராது.

ரிப்போர்ட்டாக இருந்தால் "முடிவு இல்லை" என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

10 ஜூலை, வியாழன்

தண்ணீர் வேறு, பால் வேறு. அப்படித்தான் தோன்றியது. நேற்று மாலையே 11/3 தேதிப் பையை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்திருந்தேன். 120 மில்லி. ஐஸ் பெட்டியில் லேபுக்கு.

வடிதாளில் ஊற்றினேன். இருபது மில்லி இறங்கியிருக்கும். அடைத்துக்கொண்டது. கொழுப்பு. முதல் வருஷப் பையனுக்கும் தெரியும், பாலை நேராக வடிகட்ட முடியாது என்று. எனக்குத் தோன்றவில்லை.

அடைத்துப்போன சாம்பிளை என்ன செய்வோம்? சிங்க்கில் ஊற்றுவோம். ஊற்றினேன். குழாயைத் திறந்துவிட்டேன். பையைக் குப்பையில் போடப் போனபோதுதான் நீல மார்க்கர் கண்ணில் பட்டது.

குணா: "என்னடா?"

"ஒண்ணுமில்ல."

பையைக் கழுவாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

11 ஜூலை, வெள்ளி

வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலில். பாப்பா இடுப்பில். அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மார்ச்சுக்குப் பிறகு நான் பார்க்காதது.

"ஒண்ணு கொறையுதே தம்பி. குடுத்தீங்களா? குடிச்சாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"டெஸ்ட்டுக்கு எடுத்தேன்க்கா."

"என்ன டெஸ்ட்டு?"

சொன்னேன். வடிதாள், கொழுப்பு, சிங்க். எல்லாம்.

"மாரு வலிக்குது வலிக்குதுன்னு ஒக்காந்து எடுத்து வச்சா என் தங்கச்சி. அத சிங்க்குல ஊத்துனீங்களா?"

"பையில பிளாஸ்டிக் துகள்..."

"அவ செத்தது பிளாஸ்டிக்காலயா?"

"இல்லக்கா."

"அப்பறம்?"

பிள்ளையை அவர் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன். பாப்பா என் காதைப் பிடித்து இழுத்தாள். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு நான் வரல. ஒங்களுக்கு லீவுதான? நீங்களும் ஒங்க மைக்ரோஸ்கோப்பும் பாத்துக்குங்க."

அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்து 1/3 பையைக் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தேன். இருப்பதிலேயே பழையது. 90 மில்லி.

12 ஜூலை, சனி

மேகமூட்டம். 8.15-க்குப் பால் கண்ணாடி போத்தலில், போத்தல் வெந்நீரில். மேலே ஆடை மாதிரி மஞ்சள். லேசாகச் சுழற்றிக் கலந்தேன்.

ஒரு வாய் உறிஞ்சினாள். துப்பினாள். மறுபடி வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டு கத்தினாள்.

மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். சோப்பு மாதிரி. பூஞ்சை வாடை. கண்ணுக்குத் தெரியாததை எண்ணிக்கொண்டே நாளைக் கடத்திவிட்டேன். பால் கெட்டுவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்தேன். "கெட்டுருச்சுக்கா" என்றதற்கு மேல் வரவில்லை. பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு. போத்தலை மோந்து பார்த்தார். வாயில் ஒரு சொட்டு.

"கெடல. என் ரெண்டாவது பையனுக்கு எடுத்து வச்சதும் இப்படித்தான் நாறும். மிஸ்ஸியக் கேட்டதுக்கு, சில பேரு பாலு அப்படித்தான், ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. பவுடர் பாலோட கலந்து குடுத்தா தெரியாது."

"நெசமாவாக்கா?"

"அவன் இப்போ மாடு மாதிரி வளந்து நிக்கிறான். போய்ப் பாருங்க."

இரண்டு பங்கு பவுடர் பால், ஒரு பங்கு ஷாமினியின் பால். பாப்பா முகத்தைச் சுளித்தாள். யோசித்தாள். பிறகு இழுக்க ஆரம்பித்தாள். அக்கா சேலைத் தலைப்பு இல்லாததால் கைலி ஓரத்தில் மூக்கைத் துடைத்தார்.

"கடைசிப் பைய மட்டும் வச்சிக்கலாமா தம்பி? ஞாபகத்துக்கு."

"வேணாம்க்கா. எல்லாம் பாப்பாவுக்குத்தான்."

துகள் இருக்கும். எவ்வளவு என்று எனக்குத் தெரியப்போவதில்லை. 2/3, 3/3 இரண்டையும் கீழ்த்தட்டில் இறக்கி வைத்தேன்.

பாப்பா தூங்கிவிட்டாள். அக்கா துணி காயப்போட வெளியே போனார். போத்தலில் மீதி பத்து மில்லி. குழந்தை வாய் வைத்ததை எடுத்து வைக்கக் கூடாது. சிங்க் வரை போனேன். ஊற்ற முடியவில்லை. குடித்துவிட்டேன்.