தக்கை ஆடும்போதே இழுத்துவிட்டேன், நைனா

அன்புள்ள நைனாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மர்பி டவுனில் நம் தெருமுனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பிரியா பரண்மேல் ஏறி உங்கள் மூங்கில் தூண்டில்களை இறக்கிவிட்டாள். "தாத்தா இருந்தா இந்நேரம் ஏரிக்குப் போயிருப்போம். நீயாவது வாப்பா," என்றாள்.

உங்கள் பேத்திக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தீர்கள். மண்புழு தோண்ட, முள்ளில் கோக்க, தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட. எனக்கு? மில் ஷிப்டு முடிந்தால் நேராக ஏரிக்குப் போவீர்கள். வீட்டில் என்னிடம் பேசியதெல்லாம் "போய்ப் படிடா" என்பதுதான். படித்தேன். பிறகு அவள் உங்கள் தோளில் தொங்கிக்கொண்டு மீன் கதை பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. பெற்ற மகள்மேல் பொறாமைப்பட்டவனை என்னவென்று சொல்வது? அந்த எரிச்சலில், நீங்கள் படுக்கையில் கிடந்தபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஞாயிறு நானும் பிரியாவும் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். தண்ணீரில் மிதந்த என் தூண்டில் தக்கை லேசாக ஆடியதும் விசுக்கென்று இழுத்தேன். வெறும் முள்தான் வந்தது.

"ஐயோ, ஆடுறப்போ இழுக்காதப்பா! அது மோந்து பாக்குது. தக்கை முழுகினாத்தான் இழுக்கணும்."

மறுபடியும் அவசரப்பட்டேன். மறுபடியும் வெறும் முள்.

"ஆபீசுல பெரிய மேனேஜராம். ஒரு ஜிலேபி மீனு உன்ன ஏமாத்துது!" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "தாத்தா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருடம் நான் காத்திருந்த கேள்வி, நைனா. பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவளுடைய தாத்தா அங்கேயே கொஞ்சம் சிறுத்துப் போயிருப்பார். சொல்ல ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசைதான் இப்போது குத்துகிறது.

"குடுத்தாரும்மா. நான்தான் கத்துக்கல," என்றேன்.

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். வீடு திரும்பும் வழியில், எப்போதோ மறந்துபோன ஒரு ஞாயிறு நினைவுக்கு வந்தது. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் நின்று, "வரியாடா?" என்றீர்கள். பரீட்சை இருக்கிறது என்று தலை தூக்காமலேயே சொன்னேன். "சரி, படி," என்று போய்விட்டீர்கள். அன்று உங்கள் கையில் இருந்தது ஒரு தூண்டிலா, இரண்டா? நான் பார்க்கவே இல்லையே.

ஒரு தடவை மறுத்தால் மறுபடி கூப்பிடக் கூடாதா? பிள்ளையிடம் என்ன ரோஷம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, போய்விட்டது என்று உங்களிடம் நடிக்கவும் மாட்டேன். ஆனால் அது பிரியாவிடம் போய்ச் சேராது. அவளுடைய தாத்தாவை நான் அவளிடமிருந்து பிடுங்க மாட்டேன். இது சத்தியம். அடுத்த ஞாயிறும் கூப்பிடுவாள். போவேன்.

உங்கள் பேத்திக்கு அப்பன்,
உங்களுக்கு மூத்த பிள்ளை.