உன் படத்தைச் சுற்றிய கொடி

பாவா,

கடையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃப்ளெக்ஸ் மையின் நாற்றம் மூக்கில் ஏறுகிறது. முதலில் உன் நெற்றி வெளியே வந்தது, பிறகு மீசை. நாளை உனக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள். திருத்தணியில் பாதிப் பேருக்கு அஞ்சலி பேனர் போடுகிற நான்தான் உனக்கும் போடுகிறேன். உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றேன். இனி அந்த மரியாதை கிடையாது.

இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனதும் உன் அம்மா என்னை ராசியில்லாதவள் என்றாள். மலைக்கு முடி கொடுத்தால் தங்கும் என்றாள். இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நான் படியிறங்கியபோது, வெயில் படாமல் நீ குடை பிடித்து வந்தாய். எப்பேர்ப்பட்ட புருஷன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவதும் போன பிறகுதான் ஒரு டாக்டரம்மா வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய். மூன்று பிள்ளைகளும் தங்காமல் போனதற்கு அதுதான் காரணம். "இது உனக்குத் தானா வர்லம்மா. அவரையும் இட்டுகினு வா" என்றார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆங், கல்யாணம் ஆன புதுசுலயே எனக்கு வந்துச்சு. ஊசி போட்டுகினேன், சரியாப்பூடுச்சு. நீயும் போட்டுக்கோ. அம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத."

அப்படியென்றால் குடை பிடித்தபோதே உனக்குத் தெரியும்.

நானும் ஊசி போட்டுக்கொண்டேன். அந்தக் கிருமியைப் போனில் தேடிப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம். கறுப்பு இருட்டில் மெல்லிய வெள்ளைச் சுருள். படம் போடுகிறவள் கண்ணுக்கு அது அழகாக வேறு இருந்தது, எரிச்சலாக வந்தது. கூடவே வெளிநாட்டுப் பழைய ஓவியங்களும் வந்தன. பலவற்றில் இந்த நோயைப் பெண்ணாகத்தான் வரைந்திருந்தார்கள். முன்னால் அழகான முகம், பின்னால் எலும்புக்கூடு. கொண்டுவந்து கொடுத்தவனை அந்தப் படங்களில் காணோம்.

உன்னைக் கேட்க நிறைய வைத்திருந்தேன். அதற்குள் கனகம்மாசத்திரம் ரோட்டில் ஒரு லாரி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதனால் வரைந்தேன். உன் சிரித்த முகத்தைச் சுற்றி நான்கு பக்கமும் அந்தச் சுருளையே கொடியாக ஓடவிட்டேன். பச்சை அடித்து, நடுநடுவே மல்லிகை வைத்தேன்.

காலையில் அத்தை கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தாள். "என் புள்ளைக்கு எவ்ளோ அழகா போட்டுகினு இருக்க" என்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது இன்னா கொடிம்மா?" என்றாள்.

"நாளைக்குப் படையல் முடியட்டும் அத்தை. எல்லாரும் இருக்கும்போது சொல்றேங்க."

போன வாரம் டாக்டரம்மா சொன்னார், நோய் போய்விட்டதாம். ஆனால் அது வந்துபோன அடையாளத்தை ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் சாகும்வரை காட்டிக்கொண்டே இருக்குமாம். உன் பேனர் ஒரு மழைக்குக் கிழிந்துவிடும். என் ரத்தம் உன்னை மறக்காது.

நாளை சொல்லும்போது அந்தக் குடையையும் விடாமல் சொல்வேன்.