முனி தலையில் கட்டிய நெஞ்சுவலி

பழங்காநத்தம், மதுரை
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. உடம்பு நலம், புத்தியும் நலம். இரண்டாவதைத் தனியாக எழுத வேண்டிய நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது, ஆனால் இந்த வாரம் உன் காதுக்கு வந்த செய்திகளுக்குப் பிறகு அதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு மறதி வந்துவிட்டது, சுவரைப் பார்த்துப் பேசுகிறேன், மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார்களாம். டாக்டரிடம் போனது மட்டும் உண்மை. யாரும் என்னைக் கூட்டிப்போகவில்லை, நானாகப் போனேன். எனக்காகவும் போகவில்லை, உனக்காகப் போனேன். இதை நீ நம்பினால்தான் மீதியை நம்புவாய். வியாழக்கிழமை நான் போனில் அவ்வளவு முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ "சரிம்மா, நீ மொதல்ல ரெஸ்ட் எடு, அப்புறம் பேசுவோம்" என்றாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு, எதிர்முனையில் இருப்பவர் கேட்கிறாரா சமாளிக்கிறாரா என்று தெரியாமல் போகாது. அது பைத்தியத்தைச் சமாளிக்கிற குரல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மதினி பாண்டிமீனா இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவாள், காகிதம் பின்னால் தபாலில் வரும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் நீ பேசும்போது, கவனம் சிதறாமல் இருக்க அங்கே டாக்டர் கொடுத்த அந்த மாத்திரை எவ்வளவு நல்லது செய்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாய். பிறகு "ஆனா உச்சி நேரம் ஆச்சுன்னா நெஞ்சு படபடங்குதும்மா, அப்பாவ அடிச்ச முனி பிளேன் ஏறி அயர்லாந்துக்கே வந்துருச்சு போல" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு எந்த நகைச்சுவைதான் பிடித்திருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். ஏற்கெனவே பதற்றத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறவள், இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா, படபடப்பு எதனால் வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உறவுக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். படித்தவரைக் கேட்பதுதான் முறை என்று அண்ணா நகரில் இருக்கிற டாக்டர் வசுந்தராவிடம் நேரம் வாங்கினேன். நான் செய்த ஒரே தவறு, உன் அத்தை மகன் அழகுபாண்டியின் ஆட்டோவில் போனது. வாசலில் இருந்த போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தான். "அத்தை, எடம் மாறி வந்துட்டமோ? இது மெண்டல் டாக்டருல்ல" என்றான். சரியான இடம்தான், மரியாதையாகப் பேசு என்றேன். நான் படியேறி முடிப்பதற்குள் உசிலம்பட்டிப் பக்கம் உன் அப்பா ஊர் வரைக்கும் செய்தி போய்விட்டது. எங்கள் காலத்தில் வெளியூருக்குப் போட்ட டிரங்க் கால் கூட அத்தனை விரைவில் கிடைத்ததில்லை.

உள்ளே சீட்டுப் போடும் பெண் "பேஷண்ட் யாரும்மா?" என்றாள். பேஷண்ட் அயர்லாந்தில் இருக்கிறாள், நான் அவளுடைய அம்மா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பெயரையே எழுதிக்கொண்டாள். டாக்டர் உன் அண்ணனை விடச் சின்ன வயது, ஆனால் நன்றாகக் கேட்கிறார். நேரில் பார்க்காத ஆளுக்கு வைத்தியம் சொல்லமாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன் என்று முதலிலேயே சொன்னார், அது எனக்குப் பிடித்தது. சிலருக்கு இந்த மாத்திரையால் பதற்றம் கூடுமாம். சிலருக்கு, முடிக்காமல் விட்ட வேலைகளால்தான் பதற்றமே வந்திருக்குமாம், வேலைகள் ஒழுங்காக முடிய ஆரம்பித்ததும் அது தானாகவே குறையுமாம். யாருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் குறைந்த அளவில் ஆரம்பித்து, நாடியும் பிரஷரும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்களாம். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பதற்ற மாத்திரையைத் தானாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. பிறகு நெஞ்சு படபடப்பைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணோட அப்பா எப்பிடிம்மா இறந்தாரு?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு, ஆனால் ஊரில் முனி அடித்தது என்பார்கள் என்று இரண்டையும் சொன்னேன், ஒரு டாக்டருக்கு இரண்டும் தெரிந்திருக்கட்டும் என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "உங்க பொண்ணு இதுல எதைம்மா நம்புறாங்க?" என்றார். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

வாணி, உனக்கு அப்போது ஆறு வயது. மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருந்தோம். உன் அப்பா உச்சி வெயிலில் கிணற்றுப் பக்கம் போனவர் அந்தப் புளியமரத்தடியில் விழுந்து கிடந்தார். அதற்கு முந்தின மாதமெல்லாம் வேலை பார்த்த பேங்கில் மாடிப்படி ஏறினால் இடது கை கடுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வாயு என்று நினைத்துப் பூண்டு சுட்டுச் சாப்பிட்டார். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் முகத்துக்கு நேராக மாரடைப்பு என்றுதான் சொன்னார். நான் அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கான்வென்டில் படித்து வந்த மருமகள் சொல்வதை யார் எடுத்துக்கொண்டார்கள்? அந்த மரத்து முனி அடித்தது என்று முடிவாகிவிட்டது. பிள்ளைகளைத் தொடர்ந்து வரக்கூடாது என்று உன் சித்தப்பா சின்னான் ஒவ்வொரு மாசிக்கும் அங்கே சேவல் அறுக்க ஆரம்பித்தார். லீவு முழுக்க நீ அந்த வீட்டில்தானே இருந்தாய். டாக்டர் சொன்ன வார்த்தையை நீ கேட்கவில்லை, சேவலைப் பார்த்தாய். இதற்காக அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பத்துக்கு எந்த டாக்டர் வீடு தேடி வந்து நாடி பார்த்தார்? முனிதான் கூப்பிட்டவுடன் வந்தது, காரணமும் சொன்னது. ஆனால் நீ சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். நீ இந்தக் காலத்தில் அயர்லாந்தில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு முனியை நம்பிப் பதில் சொல்லக்கூடாது.

வியாழக்கிழமை உன்னைக் கேட்டதும் நான் பயந்ததுதான் நடந்திருக்கிறது. மாத்திரை எழுதித் தருமுன் அங்கே, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா, இருதய நோய் உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றாய். நீ பொய் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். ஆனால் அதற்கு மேல் நீ சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "இப்பப் போயி மாத்திச் சொன்னா மாத்திரைய நிறுத்திருவாங்கம்மா. இது இல்லாம பழையபடி என்னால இருக்க முடியாது" என்றாய். அதற்குப் பிறகுதான் ரெஸ்ட் எடு என்றாய். வாணி, அந்த மாத்திரை உனக்கு என்ன என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ சின்னப் பிள்ளையிலிருந்து என்னோடு பேசும்போது நான் ஆரம்பித்த வாக்கியம் முடியும்வரை நீ இருந்ததே இல்லை. பாதியில் எழுந்து போய்விடுவாய், அல்லது வேறு ஏதாவது கேட்பாய். இந்தத் தை மாதம் முதல்முறையாக நான் கதை சொல்லி முடிக்கும்வரை இருந்து, "அப்பறம் அந்த அக்கா என்ன ஆனாங்கம்மா?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மகளை யாரும் என்னிடமிருந்து பறிக்க நான் விடுவேனா? நீ பயப்படுவதையே டாக்டரிடம் மறுபடி போன் செய்து கேட்டேன். சொன்னதும் நிறுத்திவிடுவார்கள் என்று எண்ண வேண்டியதில்லை, ஈசிஜி எடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் இருதய டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள், நன்றாக இருந்தால் கவனித்துக்கொண்டே தொடரலாம், அளவை மாற்றலாம், ஒத்துவராவிட்டாலும் இந்த வகையைச் சேராத வேறு மருந்துகளும் இருக்கின்றன, ஒரு கதவோடு முடிந்துவிடவில்லை என்றார். மறைப்பதுதான் ஆபத்து, சொல்வது அல்ல. காலை மாத்திரையைச் சாப்பிடுவதா, பரிசோதனை முடியும்வரை நிறுத்தி வைப்பதா என்று உன் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும், நீயாக முடிவு செய்யக்கூடாது என்றார். நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்.

இன்னும் ஒன்று, இது வியாழக்கிழமை எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் உன் சித்தப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் நாட்டுக்கோழி முட்டையும் பை நிறைய மொச்சையும். என்னை ஊருக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ள வந்திருக்கிறார். "மதினி, நல்லாத்தான இருக்கீக? என்னைய யாருன்னு தெரியுதுல்ல?" என்றார். போன வருஷம் என் பித்தளை அண்டாவை வாங்கிப்போய் இன்னும் திருப்பித் தராத சின்னான் என்றேன். "ஆத்தாடி, புத்தி தெளிவாத்தான் இருக்கு" என்று உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். மாரடைப்பு என்று சொன்னவுடன் வழக்கம்போல மறுப்பார் என்று பார்த்தேன். மறுக்கவில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தவர், "எங்கய்யாவும் இப்பிடித்தான் மதினி போனாரு. மாடு கட்டிக் கெணத்துல தண்ணி எறைக்கக் கமலையை ஓட்டிக்கிட்டு இருந்தவரு அப்பிடியே சரிஞ்சாரு. அண்ணன் வயசு கூட ஆகல. அதையும் முனின்னுதான் சொன்னாக" என்றார். பிறகு, "எனக்கும் இப்ப மேடு ஏறுனா அடைக்குது, சொன்னா சிரிப்பீகன்னு சொல்லல" என்றார். நான் சிரிக்கவில்லை. காப்பியைக் கூட முடிக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஈசிஜியில் ஏதோ வித்தியாசம் தெரிந்து, சனிக்கிழமை எக்கோவும் பார்த்தார்கள். இருதயத்துக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது, நேரத்தில் வந்துவிட்டார், மாத்திரையும் பத்தியமும் இருந்தால் பயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது உன் அறையில்தான் படுத்திருக்கிறார். உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு, "இதுக்கு முனியே பரவாயில்ல, ஒரு சேவலோட விட்டுச்சு" என்று பாண்டிமீனாவிடம் புலம்புகிறார். அடுத்த மாசிக்கும் சேவல் அறுப்பாராம். அறுத்துக்கொள்ளட்டும், மாத்திரையையும் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆக, உன் டாக்டரிடம் நீ சொல்ல வேண்டியது இப்போது மூன்று பேரைப் பற்றி: உன் தாத்தா, உன் அப்பா, உன் சித்தப்பா. ஒருவரையும் விடாதே.

நீ பயப்படுவாய் என்று தெரியும், பயத்துக்கே மாத்திரை சாப்பிடுகிறவளிடம் இதைச் சொல்லலாமா என்று பாண்டிமீனா கூடத் தயங்கினாள். எனக்குத் தயக்கமில்லை. பெயர் தெரியாத ஒன்று மத்தியானத்தில் பின்னால் நிற்கிறது என்ற பயம் வேறு, ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றிய பயம் வேறு. இரண்டாவதோடு வாழலாம். உன் படபடப்பு வெறும் காப்பியாகக்கூட இருக்கலாம், அதையும் டாக்டர் சொன்னார், நீ காலையில் எத்தனை குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன்னை எனக்குத் தெரியும், குறைத்துக்கொள். வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம், அது பசியை மந்தமாக்கும் என்றார், அதனால் முதலில் சாப்பாடு. அங்கே இந்தியக் கடையில் கேப்பை மாவு கிடைக்கும் என்று நீயே சொன்னாய், கூழாவது காய்ச்சு. உன் அண்ணன் அருண்பாண்டி வேலை பார்க்கிற திருமங்கலத்திலிருந்து நேற்று வந்து பார்த்துவிட்டு, தானும் ஈசிஜி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறான், நான் விடப்போவதில்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அழகுபாண்டி இப்போதெல்லாம் என்னைக் கண்டால் ஆட்டோவை அடுத்த தெருவில் திருப்பிவிடுகிறான்.

நீ நிம்மதியாக, நிதானமாக, நெடுநாள் இருக்க வேண்டும், எடுத்த வேலையை எடுத்தபடி முடிக்கிற சந்தோஷம் உனக்கு நிலைக்க வேண்டும், அழகர் உனக்குத் துணை இருப்பார். நாளைக்குத் திங்கட்கிழமை, முதல் வேலையாக டாக்டருக்கு போன் செய். பிறகு, டாக்டர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், ஈசிஜியில் என்ன வந்தது, எந்த மாத்திரை எந்த அளவு என்று முடிவானது, எல்லாவற்றையும் எனக்கு எழுது. போனில் சொன்னால் போதாது. கடிதமாக எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. தங்கப்பொண்ணு