சேவுகப்பெருமாள் சாரின் எட்டு

ஜூலை 8, திங்கள்

பி.டி. சார் சேவுகப்பெருமாள் இன்றும் எட்டரை பஸ்ஸில்தான் வந்தார். அதுவரை நானும் துர்காதேவியும் பூட்டிய கேட்டுக்கு வெளியே குதித்துக்கொண்டிருந்தோம். சார் இல்லாமல் மைதானத்தைத் திறக்கக் கூடாது, தலைமையாசிரியை உத்தரவு. சாரைத் தினமும் புதுவயலிலிருந்து விடியற்காலையில் பைக்கில் கொண்டுவந்து விட்ட மச்சான், வண்டியைச் சார் வீட்டிலேயே விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். சாருக்கு லைசென்ஸ் இல்லை. ஒன்பதுக்கு மணி அடித்துவிடும். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதம்தான். தினம் அரை மணியில் துர்கா என்னத்தைத் தாண்டுவாள், வாசப்படியையா?

(நான் குண்டு எறிபவள். குண்டைவிட என் வாய்தான் தூரம் போகிறது என்பது சாரின் கணிப்பு.)

ஜூலை 9

துர்கா பன்னிரண்டு தடவை நீளம் தாண்டினாள். பதினொன்று ஃபவுல். பலகையை மிதித்துத் தாண்டச் சொன்னால், பலகையைத் தாண்டி மிதிக்கிறாள். ஆனால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வதே இல்லை. கால் பட்ட இடத்தில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை நட்டுவிட்டு, திரும்ப ஓடப் போய்விடுகிறாள். சார் பக்கத்தில் நின்று, "விடாதே! விடாதே!" அதற்கு மேல் அவரிடம் சரக்கு இல்லை.

ஜூலை 10

அப்பா ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது ஆண்டவர் எனக்குக் கொடுத்த வரம்.

"ஒங்க சாரு லைசென்ஸ் டெஸ்ட்டுல இன்னைக்கும் எட்டுப் போடுறப்ப காலை ஊனிட்டாருடி. ரெண்டாவது தடவை" என்றார் அப்பா மதியச் சாப்பாட்டில்.

பள்ளிக்கூடத்தில் சார் சொன்ன கதை வேறு: மாடு குறுக்கே வந்துவிட்டதாம். டெஸ்ட் மைதானத்துக்கு மதில் இருக்கிறது, கேட் இருக்கிறது. மாடு லைசென்ஸ் எடுக்க வந்ததா?

பி.டி. அறைப் பலகையில் பெரிய எட்டு வரைந்தேன். நடுவில் மாடு. கீழே: "விடாதே! விடாதே!"

பள்ளிக்கூடமே சிரித்தது. சார் பார்த்தார், அழித்தார், திட்டவில்லை. சாயங்காலம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "காலைப் பிராக்டிஸ் இனிமே கெடையாது. எட்டு எனக்கு வராது. விடுங்க" என்றார்.

ஐயோ. நாந்தான் கெடுத்தேனா? நாந்தான்.

ஜூலை 11

துர்கா பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மதியம் துர்கா என் அப்பாவின் கடைக்குப் போய், ஆளில்லாத டெஸ்ட் மைதானத்துக்குள் நுழைந்து, அந்த எட்டை எட்டு வைத்து அளந்து வந்திருக்கிறாள். சாயங்காலம் எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் அதே அளவில் போட்டுவிட்டாள். "ஒங்கப்பா பைக்கை எடுத்துட்டு வா" என்றாள் என்னிடம். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. தள்ளிக்கொண்டே வந்தேன்.

சார் இடுப்பில் கை வைத்தார். "நான் ஒங்களுக்குக் கோச்சா, நீங்க எனக்குக் கோச்சா?"

"ஏறுங்க சார்" என்றாள் துர்கா.

ஜூலை 13

பதினாறு எட்டு. பதினாறு ஊன்றல். சார் காலை வைத்த இடத்திலெல்லாம் துர்கா குச்சி நட்டாள். கடைசியில் பார்த்தால் எல்லாக் குச்சியும் ஒரே இடத்தில், இரண்டாவது வளைவில், துடைப்பக்கட்டை மாதிரி நிற்கிறது.

"சார், அங்கன வாரப்ப எங்குட்டுப் பாக்குறீக?"

சார் வண்டியை விட்டு இறங்கினார். "அங்கனதான் இன்ஸ்பெக்டரு நாக்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு."

பயம்! எங்களை வெயிலில் பத்துச் சுற்று ஓடவிடும் மனுசனுக்கு, ஒரு நாற்காலியைப் பார்த்துப் பயம்.

ஜூலை 15

நான்தான் இன்ஸ்பெக்டர். நாற்காலி, அப்பாவின் கூலிங் கிளாஸ், கையில் வருகைப் பதிவேடு. "என்னய்யா, வண்டி ஓட்ட வந்தீரா, கோலம் போட வந்தீரா?" ஊன்றினார். "ஒமக்குப் பின்னாடி எரும மாடு வருது, வழி விடும்." ஊன்றினார். ஏழாவது தடவை சிரித்துவிட்டார். ஆனால் கால் மேலேயே இருந்தது.

இரண்டு வருடமாக "வாயை மூடு, ஃபவுல்-இன்" என்று என் பெயரைக் கெடுத்தவர் இன்று சொன்னது: "பவுலின், இன்னுங் கொஞ்சம் திட்டு."

ஜூலை 18

அப்பா கடையிலிருந்து போன். "ஒங்க சாரு காலு தரையில படலடி!"

ஜூலை 22

காலை ஐந்தரை. தெருமுனையில் சாரின் பைக் ஹாரன். இதற்கா பாடுபட்டேன்?

ஆகஸ்ட் 10, சனி

சிவகங்கை, மாவட்டப் போட்டி. துர்காவின் முதல் தாண்டல் ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. மற்ற கோச்சுகள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நம்ம சாரைக் காணோம். தேடினால், கயிற்றுக்கு வெளியே, புது வெள்ளைச் சட்டையோடு செம்மண்ணில் குப்புறப் படுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

துர்கா கயிற்றருகே வந்தாள். சார் "விடாதே" என்று சொல்லவில்லை.

"கால் எங்கன பட்டுச்சு?"

"குச்சி நட விடலை சார். தெரியலை."

"நான் பாத்தேன். பலகையத் தாண்டி நாலு வெரக்கடை. ஓட ஆரம்பிக்கிற எடத்தைப் பின்னாடி தள்ளிக்க."

மூன்றாவது தாண்டலுக்கு வெள்ளைக்கொடி, ஃபவுல் இல்லை. நாலு மீட்டர் ஐம்பத்திரண்டு. மூன்றாம் இடம், மேல் போட்டிக்கு இரண்டு பேர்தான். துர்கா கொஞ்சம் அழுதாள், பிறகு என் முறுக்கையும் சேர்த்துத் தின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சாரின் சட்டையைப் பார்த்து, "எங்கண்ணே, விழுந்துட்டீகளா?" என்றார்.

"இல்லப்பா. படுத்திருந்தேன்" என்றார் சார்.